"சுகர் ஃப்ரீ" சாக்லேட் வாங்கி வரும் பிள்ளைகளுக்கு

சர்க்கரை வியாதிக்காக பேலியோ, லோ கார்ப் என்று சோற்றையே விட்டவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து வரும்போது "சுகர் ஃப்ரீ" சாக்லேட் வாங்கி வருகிறீர்கள். அன்பை மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கத்தை மட்டும் படித்தால் போதுமா? கேள்வித்தாளைத் திருப்பிப் பார்க்காமல் பத்து மார்க்கை விட்டவர்கள் உங்களில் உண்டு!

பின்பக்கம் கார்போஹைட்ரேட் என்ற வரியைப் பாருங்கள். பலவற்றில் மால்டிடால் இருக்கும். சர்க்கரையைவிடக் குறைவுதான், ஆனாலும் ரத்தத்தில் சர்க்கரையை அது ஏற்றும். அதிகம் தின்றால் வயிறு உப்பும், பேதியாகும். "சுகர்தான் இல்லையே" என்ற தைரியத்தில் முழு பாரையும் முடிக்கிறவர்களை என்ன சொல்ல!

ஆசையை அடக்கச் சொல்லி உபதேசம் செய்யவில்லை. 85 சதவீத டார்க் சாக்லேட்டில் 10 கிராம் துண்டுக்குச் சர்க்கரை சுமார் 1.5 கிராம். மில்க் சாக்லேட்டில் அதே எடைக்கு 5 கிராம் அளவுக்கு வரும். கசக்கும் என்கிறீர்களா? கசக்கட்டும், இரண்டாவது துண்டுக்குக் கை போகாது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு துண்டை வாயில் கரையவிடட்டும்.

தீபாவளிக்கு வருகிறவர்கள் அந்தப் பெரிய டப்பாவைத் தூக்கி வர வேண்டாம். கசப்பு பார் ஒன்று போதும்.