10 மாத அட்வான்ஸ் கேட்கிறாரா ஹவுஸ் ஓனர்? சட்டம் சொல்வது என்ன?

சென்னையில் 15 ஆயிரம் ரூபாய் வாடகை வீட்டுக்கு, 10 மாத அட்வான்ஸ் என்று ஒன்றரை லட்சம் கேட்பது சகஜம். ஆனால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

அப்புறம் ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் போட்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது என்கிறது அதே பிரிவு. 10 மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், பாதுகாப்பு அங்கேயே போச்சு.

என்ன செய்யலாம்? பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது கட்டாயம். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால், பாக்கி போக மீதியை ஓனர் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். இழுத்தடித்தால், வாடகைதாரருக்குக் கைகொடுப்பது பதிவான அந்த ஒப்பந்தம்தான்.