கலரும் பழமும் தின்கிற சமத்துவம்

"ணா, சாம்பார் சாதமே போட்டுடலாம்ணா. அப்பதான் ஊர்க்காரங்களும் வருவாங்க."

அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்காகக் கூடிய எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இப்படிச் சொன்னான். படித்தவன், ஒரகடத்தில் கம்பெனி வேலை, நல்ல பையன். அவன் சொன்னதற்குப் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்று அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

சேரப்பணஞ்சேரி. பேரிலேயே 'சேரி' இருக்கிறது. ஆனாலும் ஊர் வேறு, காலனி வேறு. கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு வந்துவிட்டது. கார் கம்பெனி வந்துவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வாடகை ரூமில் பத்துப் பேராகப் படுத்துக் கிடக்கிறார்கள். கம்பெனி கேன்டீனில் எங்கள் பையனும் ஊர்ப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரித் தட்டில் தின்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ் திரும்புகிறது. ஊர் நிறுத்தத்தில் அவன் இறங்குகிறான், காலனி நிறுத்தத்தில் இவன் இறங்குகிறான். எட்டு மணிநேரச் சமத்துவம் பஸ்ஸோடு போய்விடுகிறது. அது முதலாளி தன் வசதிக்கு வாடகைக்கு எடுத்த சமத்துவம். எவனும் யாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

ஒரு விழாவுக்கு எந்தச் சாப்பாடு போடுவது என்பதைச் சமையல்காரர் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறோம். இல்லை தோழர்களே. யார் விருந்தினர், யார் வேலைக்காரர், யாருக்காக யார் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்த அண்டாவில்தான் முடிவாகிறது.

பழைய கதையிலிருந்தே வருவோம். எங்களுக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுசர். பூவிருந்தவல்லிக்காரரான திருக்கச்சி நம்பியை அவர் விருந்துக்கு அழைத்ததாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. நம்பி பிராமணர் அல்ல. ராமானுசர் இல்லாத நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போனார். அந்த அம்மையார் இடத்தைச் சுத்தி செய்து, தலை முழுகிவிட்டுத்தான் மறுபடி சமைத்தாராம். ராமானுசர் மனம் நொந்தார் என்பதோடு கதையைப் புண்ணியமாக முடிக்கிறார்கள். நான் கேட்பது வேறு. சாப்பாடு போட்டாச்சு, வயிறும் நிறைஞ்சாச்சு, தீட்டு போச்சா? போகவில்லை. இலை விழுந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தது.

சேரன்மாதேவி குருகுலத்தை எடுத்துக்கொள்வோம். வ.வே.சு. ஐயர் நடத்தியது, காங்கிரஸ் பணம் வாங்கியது. பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு என்று வெளியே தெரிந்தபோது வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். 1925ல் அது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. தேவையான சண்டைதான். ஆனால் அந்தக் கதை நமக்குச் சொல்லப்படும்போதெல்லாம் பிராமணர், பிராமணரல்லாதார் என்று இரண்டு பெயர்தான் வருகிறது. அந்தப் பந்தியில் சேரிப் பிள்ளைக்கு இலை எங்கே என்று கேட்டால் பேச்சு நின்றுபோகிறது.

அப்புறம் சமபந்தி போஜனம். ஆகஸ்ட் 15, பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள் என்று கோயில்களில் அரசாங்கம் போடும் விருந்து. அமைச்சர் ஒரு இலை, அதிகாரி ஒரு இலை, நம்ம ஆள் ஒரு இலை, மறுநாள் பேப்பரில் போட்டோ. நாம் அங்கே உண்ண அழைக்கப்படுகிறோம். சமைக்க அழைக்கப்படுகிறோமா? நம் தெருப் பெண்கள் மடப்பள்ளியில் சமைத்து, ஊர் உட்கார்ந்து தின்றதாக எவராவது காட்டட்டும், நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடுகிறேன். 2018ல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பியது, வழக்கும் பதிவானது. நம்மைப் பக்கத்தில் உட்கார வைப்பது ஒரு நாள் பெருந்தன்மை. நம் கைச்சோற்றைத் தின்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

போன வருஷம் நாங்களும் 'பொதுவான' சாப்பாடு போட்டோம். வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி. ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள், மேடையில் துண்டு போர்த்திக்கொண்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டோம். "இப்பதான் வூட்ல துன்னுட்டு வந்தோம்பா." மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்று, தோல் உரிக்காத வாழைப்பழம் ஒன்று, அவ்வளவுதான் உள்ளே போனது. நம் கை படாதது எதுவோ அது மட்டும். நாம் அவர்களுக்காக அண்டாவையே மாற்றினோம். அவர்கள் நமக்காக ஒரு கவளத்தைக்கூட மாற்றவில்லை.

அப்போ தம்பி, நீ யாருக்காகச் சாம்பார் வைக்கச் சொல்கிறாய்?

அரசாங்கத்துக்கும் இதே புத்திதான். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூர்! மாட்டுக்கறி பிரியாணிக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்த் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவை ஒத்திவைத்தார்கள். 'எல்லோருக்கும் பொது' என்று அவர்கள் எழுதும் பட்டியலில் முதலில் அடிபடுவது நம் சட்டிதான். அதை நம் விழாவில் நாமே நம் கையால் அடிக்க வேண்டுமா?

"மாட்டுக்கறிதான் நம்ம அடையாளமா? அவன் நம்ம நெத்தியில குத்துன முத்திரைதானே அது?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தீண்டாமைக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள உறவை அம்பேத்கரே 1948ல் 'தீண்டப்படாதார்' நூலில் விரிவாக எழுதினார், நம்மை இழிவுபடுத்த அல்ல, இழிவு எப்படிச் செய்யப்பட்டது என்று காட்ட. மாட்டுக்கறி தின்றால்தான் தலித் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் தொடாதவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கத்திரிக்காய்க் குழம்பு தனியாக வைப்போம், ஆனால் அதே பந்தியில். தின்பதும் தின்னாததும் அவரவர் விருப்பம். மறைப்பதுதான் கூடாது.

1936ல் 'சாதி ஒழிப்பு' உரையிலேயே அம்பேத்கர் இதையும் சொல்லிவிட்டார். சேர்ந்து சாப்பிட்டு மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமும் சாத்திரத்தின் மேலுள்ள நம்பிக்கையை உடைப்பதும்தான் வழி என்றார். அவரைவிட அதிகமாக நான் சாப்பாட்டை நம்பவில்லை. ஆனால் பந்தி ஒரு நல்ல உரைகல். யார் பொய் சொல்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பஃபே என்கிறார்களே, ஆளுக்கொரு தட்டோடு மூலைக்கு மூலை நின்று தின்பது, அது அந்த உரைகல்லையே ஒளித்து வைக்கும் ஏற்பாடு. யாரும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டாம் பாருங்கள். டீக்கடையில் இரட்டைக் குவளையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் பேப்பர் கப் கொடுத்தார்களே, அதே தந்திரம். கழுவுகிற பிரச்சனை போனது, சாதி போகவில்லை.

கடைசியாக நம்மைப் பார்த்தும் கேட்க வேண்டும். நம் விழாவில் விடியற்காலை அடுப்பு மூட்டுவது யார்? பெண்கள். கடைசிப் பந்தியில் ஆறிய சோறு தின்பது யார்? அதே பெண்கள். எச்சில் இலை எடுக்க நம் கண் யாரைத் தேடுகிறது? தெருக்கோடியில் இருக்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையை. ஊர் நமக்குச் செய்வதை நாம் அங்கே செய்கிறோம். மைக்கில் விடுதலை பேசிவிட்டு, கை கழுவப் போகும் வழியில் இலையைத் தாண்டிப் போகும் தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆகவே என் முடிவு இது. தரையில் பாய், ஒரே வரிசை, வாழை இலை. ஒரு அண்டா மாட்டுக்கறி பிரியாணி, ஒரு அண்டா சோறும் குழம்பும். சமையல் நம் தெருவில், ஆண்களும் வெங்காயம் நறுக்கட்டும். தண்ணீர் நம் டேங்க்கிலிருந்து, குடத்தில். கலர் பாட்டில் வேண்டாம். பெண்களுக்கும் ரூமில் கிடக்கும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் பந்தி. மேடையில் பேசியவர்கள் இலை எடுக்க வேண்டும், என்னையும் சேர்த்து. நோட்டீசில் சாப்பாட்டையும் அச்சடித்து ஊரில் வீடு வீடாகக் கொடுப்போம். ஊரிலிருந்து ரெண்டே பேர் வந்தால் போதும், அந்த ரெண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். அந்தத் தம்பியும் வருவான். அவனிடம் ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: நம்ம அம்மா ஆக்கினதை அவங்க துன்ன மாட்டாங்கன்னா, அவங்க வந்து நமக்கு இன்னாத்துக்குடா?