வரம்பு கட்டினால் வாத்தியார் எங்கிருந்து வருவார்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் சம்பந்தமாக 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த சமரச உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரையில் நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம் என்பது பெரிய விஷயந்தான். உழைக்கிறவனுக்குக் கூலி கிடைப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அதே உடன்படிக்கையில், அதை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகளின் பேஸ்பால் அணியில் 34 பேருக்கு மேல் இருக்கலாகாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அதற்கு முன்பு 40 பேர் வரையில் இருந்த இடம் அது. வெளியே தள்ளப்படும் அந்த ஆறு பேரைப் பற்றிப் பலரும் கவலைப்படாமல் இருப்பதே என்னை எழுதத் தூண்டியது.

அந்த ஆறு பேர் யார்? நட்சத்திர வீரர்கள் அல்லர். பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்து, தமக்கு இயல்பாக வராததை யோசித்து யோசித்துக் கைவரப் பெறுகிறவர்கள். வாத்தியார்கள் உண்டாவது இந்த இனத்திலிருந்துதான் என்பது என் திடமான அபிப்பிராயம்; அதற்குச் சாட்சியாகப் பில்லி டிஷ் என்ற மனிதரின் வாழ்க்கை ஒன்றே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் பிறந்து, மில்வாக்கியில் வளர்ந்து, மைனர் லீக் என்னும் கீழ்நிலைத் தொழில்முறைக் குழுக்களில் ஆடி, மேஜர் லீக் என்னும் உச்ச நிலையில் ஓர் ஆட்டங்கூட ஆடக் கொடுத்துவைக்காத டிஷ், ஆஸ்டின் நகரத்துச் செயின்ட் எட்வர்ட்ஸ் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1911இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்து, 1939 வரையில் ஒரே இடத்தில் நிலைத்து நின்று, தென்மேற்குக் கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தை இருபது முறையேனும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வாங்கிக் கொடுத்தார். மாணவர்களுக்கு அவர் ‘பில்லி மாமா’. அவருடைய மாணவராகிய பிப் ஃபால்க், 1920இல் கல்லூரியிலிருந்து நேரே சிகாகோ ஒயிட் சாக்ஸ் குழுவுக்குப் போய், சூதாட்ட ஊழலில் விலக்கப்பட்ட ஜோ ஜாக்ஸனின் இடத்தில் நின்று, பன்னிரண்டு பருவங்கள் ஆடி .314 என்ற சராசரியோடு மேஜர் லீகை விட்டார். பிறகு அவரே 1940இல் குருவின் ஆசனத்தில் அமர்ந்து, 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றார். மேஜர் லீக் வாசற்படியை மிதிக்காத குரு, மேஜர் லீகில் ஜொலித்த சீடனை உண்டாக்கினார். அந்தச் சீடன் மறுபடியும் வாத்தியாராகத் திரும்பி வந்தான். பரம்பரை என்பது இதுதான்.

அவர்கள் ஆடிய கிளார்க் மைதானத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1928இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தின் நடுப்புற எல்லையில், ஆட்ட பூமிக்குள்ளேயே ஒரு சுண்ணாம்புக்கல் பாறை செங்குத்தாக நின்றது. ஆடுகள் ஏறும் தடம் போல ஒரு குறுகிய வழி இடப்பக்கமாக மேலே சென்றது. பந்து பாறைக்கு மேல் போனால் களத்தில் நிற்பவர் அந்தத் தடத்தில் தொற்றி ஏறித்தான் எடுக்க வேண்டும். பாறையின் அடியில் நிற்பதா, உச்சியில் நிற்பதா என்பதை ஒவ்வொரு மட்டையாளருக்கும் தக்கபடி முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தேக பலம் மாத்திரம் உள்ளவனுக்கு அந்த மைதானத்தில் வேலை இல்லை. யோசிக்கத் தெரிந்தவனுக்கே அது வசப்பட்டது.

டிஷ் ஒரு விதிவிலக்கு என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. நியூயார்க் யாங்கீஸை ஏழு முறை உலகத் தொடரில் வெற்றி பெறச் செய்த ஜோ மெக்கார்த்தி மேஜர் லீகில் ஆடியதே இல்லை. டாட்ஜர்ஸுக்கு நான்கு பட்டங்கள் தேடித் தந்த வால்டர் ஆல்ஸ்டன் மேஜர் லீகில் மட்டை பிடித்தது ஒரே ஒரு தடவை, அதிலும் அவுட். டிஷ் இருந்த அதே டெக்ஸஸில் பின்னாளில் பயிற்சியளித்த ஆகி கரிடோ, மைனர் லீகோடு நின்றுவிட்டவர். கல்லூரிப் பயிற்சியாளராக அவர் பெற்ற வெற்றிகள் 1,975, தேசியப் பட்டங்கள் ஐந்து.

இனி நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்குக்கு வருகிறேன். 2021இல் மேஜர் லீக் நிர்வாகம், தன்னோடு இணைந்த மைனர் லீக் குழுக்களை 160இலிருந்து 120ஆகக் குறைத்தது. குழுவுக்கு 25 பேர் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் பேருக்கு இடம் போயிற்று. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகள் 40 இருந்தவை 20 ஆயின. 30 குழுக்களுக்கும் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு அறுநூறு வாய்ப்புகள் மறைந்தன. 2024இல் ஒரு குழு தன் மைனர் லீகில் உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய வீரர் தொகை 180இலிருந்து 165 ஆயிற்று; அதில் 450 இடங்கள் போயின. இவ்வளவும் போதாதென்று கல்லூரியிலும் 34 என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அங்கே ஒரு கதவு, இங்கே ஒரு கதவு என்று இரண்டையும் சாத்திவிட்டு, ஆட்டம் வளர்கிறது என்று மார் தட்டிக்கொள்கிறார்கள்!

முன்பு 11.7 உபகாரச் சம்பளங்களைப் பலருக்குத் துண்டு போட்ட நிலை மாறி, இப்போது 34 பேருக்கும் முழுமையாகக் கொடுக்கலாமே என்பார்கள். உள்ளே இருப்பவனுக்குச் செய்யும் உபகாரம் வெளியே தள்ளப்பட்டவனுக்கு நியாயம் ஆகாது. ஏற்கெனவே இருந்த மாணவர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறோம் என்பார்கள். அடுத்த ஆண்டு வருகிற மாணவன் என்ன பாவம் செய்தான்? காமிராவும் கணிப்பொறியும் வீச்சின் வேகத்தையும் கோணத்தையும் அளந்து சொல்லும்போது பழைய வாத்தியார் எதற்கு என்பார்கள். அளந்து சொல்வது வேறு, ஒரு பையனின் மனத்தை அறிந்து திருத்துவது வேறு என்று தெரியாதவர்களோடு வாதம் செய்து பிரயோஜனமில்லை.

நாற்றங்காலைத் தூர்த்துவிட்டு அறுவடையை எதிர்பார்ப்பவனை நம் குடியானவர்கள் பைத்தியக்காரன் என்பார்கள். கணக்குப் பிள்ளைகள் போடும் இந்த வரம்புகள் இன்னும் ஒரு தலைமுறை நீடித்தால், அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பால் கற்பிக்க யோக்கியதை உள்ள ஒரு மனிதரும் அகப்படமாட்டார். 34 என்ற வரம்பை ரத்து செய்யட்டும். குறைத்த 40 குழுக்களையும் திரும்பக் கொண்டுவரட்டும். டிஷ்ஷின் பெயரையும் ஃபால்க்கின் பெயரையும் சேர்த்துச் சூட்டிய மைதானம் 1975 முதல் ஆஸ்டினில் இருக்கிறது. அவர்களைப் போன்ற இன்னொருவர் உருவாக இடம் விடாமல் பெயர்ப் பலகையை மாத்திரம் காப்பாற்றுவது மரியாதை ஆகாது.