பெரியதன் முன் நிற்கும் ஆசை

‘உலகிலேயே உயரமானது’, ‘உலகிலேயே பருமனானது’ என்னும் பட்டங்களைப் போல ஒரு மரத்துக்குக் கேடு விளைவித்தவை அதிகமில்லை. கோடரி கூடச் சில வேளைகளில் அந்தப் பட்டத்தைத் தேடியே வந்தது. பழம்பெருங் காடுகளில் இன்று கோடரி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பட்டத்தைத் தேடும் கண் ஓயவில்லை. அது இப்போது புகைப்படக் கருவியோடு வருகிறது. கலிபோர்னியாவின் ரெட்வுட், செக்கோயா காடுகளைக் கண்டு வியந்து எழுதியோர் பலர். வியப்பதில் குற்றமில்லை. அந்த வியப்பு மரத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியைக் கேட்பதற்கே இக்கட்டுரை.

ரெட்வுட் என்னும் பெயரைக் கேட்டதும் ஆந்திரக் காடுகளின் செம்மரத்தை நினைத்துவிட வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை. ரெட்வுட், பசிபிக் கடலோரத்தில் மூடுபனி தவழும் பள்ளத்தாக்குகளில் வளர்வது. உயரத்தில் உலகில் அதற்கு இணையில்லை. செக்கோயா அதன் நெருங்கிய உறவு. சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், சுமார் எழுபது தோப்புகளில் மட்டுமே அது இயற்கையாக நிற்கிறது. அவற்றுள் ‘ஜெனரல் ஷெர்மன்’ எனப் பெயரிடப்பட்ட மரம் ஏறத்தாழ 84 மீட்டர் உயரமும், அடியில் 11 மீட்டர் விட்டமும் உடையது. வயது சுமார் 2,200 ஆண்டுகள். இத்தனை பெரிய உயிர் எழுவதோ, இருநூறு சேர்ந்தால்தான் ஒரு கிராம் எடை வரும் விதைகளுள் ஒன்றிலிருந்து. பெருமை பேச விரும்புவோர் பேச வேண்டியது இதைத்தான். ஆனால் படத்தில் விழுவது விதையன்று, பருமனே.

இந்தப் பருமன்மீது கொண்ட மோகத்தின் வரலாறு வெட்கத்துக்குரியது. காலவெராஸ் தோப்பின் செக்கோயாக்கள் 1852இல் வெளியுலகின் பேச்சுக்கு வந்தன. மறு ஆண்டே, அங்கு முதலில் புகழ்பெற்ற மரத்தை வீழ்த்திவிட்டார்கள். அத்தனை பெரிய மரத்தை அறுக்கும் ரம்பம் இல்லாததால் ஐந்து பேர் 22 நாள்கள் துளைப்பானால் துளையிட்டுத் துளையிட்டு அதைச் சாய்த்தனர். ஆண்டு வளையங்களை எண்ணியபோது வயது 1,244 என்று தெரிந்தது. அதன் அடிக்கட்டையைச் செதுக்கி மேடையாக்கி, அதன்மேல் நடனமாடினர். வீடு கட்டவோ விறகுக்கோ அதை வெட்டவில்லை. ஊருக்குக் காட்டுவதற்காகவே வெட்டினார்கள்.

அடுத்து 1854இல் ‘காட்டின் தாய்’ என்று அவர்களே பெயரிட்ட மரத்துக்குச் சாரம் கட்டி, சுமார் 35 மீட்டர் உயரம் வரை பட்டையை உரித்தெடுத்தனர். உரித்த பட்டையை முன்போலவே பொருத்தி நியூயார்க்கிலும், பின்னர் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் காட்சிக்கு வைத்தனர். 1866இல் அங்கு எழுந்த தீயில் பட்டை எரிந்தது. தோலுரிந்த மரமோ சில ஆண்டுகளிலேயே இலையுதிர்ந்து பட்டுப்போயிற்று. தாய் என்று பெயர் வைத்த கைகளே தோலை உரித்தன. புகழ்ச்சியும் கொடுமையும் ஒரே வாயிலிருந்தும் ஒரே கையிலிருந்தும் வரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது கதை இன்னும் பலர் அறிந்தது. யோசெமிட்டியின் மாரிப்போசா தோப்பில் வவோனா என்னும் மரத்தின் அடியை 1881இல் குடைந்து, வண்டி நுழையும் வழியாக்கினர். முதலில் குதிரை வண்டிகள், பிறகு மோட்டார் வண்டிகள் அதனுள் நின்று படம் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற அஞ்சலட்டைக் காட்சிகளுள் ஒன்றாயிற்று அது. 1969ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அந்த மரம் சாய்ந்தது. காலவெராஸில் இவ்வாறே குடையப்பட்ட மற்றொரு செக்கோயா, 2017 ஜனவரிப் புயலில் வீழ்ந்தது. ஈராயிரம் ஆண்டுப் பனியையும் காற்றையும் தாங்கி நின்ற மரத்தின் அடியில், ஒரு படத்துக்காக ஓட்டை போட்டவர்கள் நாம்.

‘அதெல்லாம் பழைய கதை, இன்று நாங்கள் வெட்டுவதுமில்லை, உரிப்பதுமில்லை, ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறோம், அவ்வளவே’ என்பார்கள். அவ்வளவேதானா? ஹைப்பீரியன் என்னும் மரத்தின் கதையைப் பார்ப்போம். 2006இல் ரெட்வுட் தேசியப் பூங்காவில் அறியப்பட்ட இம்மரம் ஏறத்தாழ 116 மீட்டர் உயரமுள்ளது. உலகில் இதனினும் உயர்ந்த மரம் அறியப்படவில்லை. அதற்குப் பாதை கிடையாது. இருப்பிடத்தை வெளியிடாமல் காத்தனர். ஆயினும் இணையத்தில் செய்தி கசிந்தது. படம் தேடுவோர் புதர்களை மிதித்துப் புகுந்தனர். மரத்தைச் சுற்றிலும் பெரணிச் செடிகள் அழிந்தன, மண் இறுகியது, குப்பையும் மனிதக் கழிவும் சேர்ந்தன. முடிவில் 2022இல் பூங்கா நிருவாகம் அப்பகுதியை மூடி, மீறுவோருக்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்கப்படலாம் என்று அறிவித்தது.

இதில் வேதனையோடு நகைக்கத்தக்க ஒன்றும் உண்டு. ஹைப்பீரியனின் அடியில் நிற்பவனுக்கு அதன் உயரம் தெரியாது. சுற்றியுள்ள மரங்கள் உச்சியை மறைத்துவிடும். அடிமரத்தின் விட்டமோ ஐந்து மீட்டருக்கும் குறைவு. பொதுவழிகளின் ஓரத்திலேயே அதைவிடப் பருத்த ரெட்வுட்கள் நிற்கின்றன. ஆகவே அங்கு எடுக்கும் படத்தில் ‘உலகின் உயர்ந்த மரம்’ தெரிவதில்லை. எடுத்தவர் அங்கே போனார் என்பது மட்டுமே தெரிகிறது. அந்த ஒன்றுக்காகவே அத்தனை பெரணிகளும் மிதிபட்டன!

மிதிப்பதால் மாமரம் சாய்ந்துவிடுமா என்று கேட்பவருக்கு ஒரு சொல். வளர்ந்த ரெட்வுட்டுக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே பல மீட்டர் தூரம் பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக் கிடக்கின்றன. மண் இறுகினால் நீரும் காற்றும் வேருக்கு எட்டுவதில்லை. பயணிகளின் காலடி இம்மரங்களுக்குச் செய்யும் தீங்கை மைனெக்கே என்னும் தாவரநோய் அறிஞர் 1920களிலேயே எடுத்துரைத்தார். நூறாண்டு பழைய எச்சரிக்கை அது.

இனி எதிர்வழக்கைக் கேட்போம். ‘கண்டால்தான் அன்பு பிறக்கும், அன்பு பிறந்தால்தான் காக்கத் தோன்றும். படங்கள் இல்லையேல் காடுகளே மிஞ்சியிரா’ என்பது வலுவான வாதம். அதை ஒதுக்கிவிட முடியாது. 1861இல் கார்ல்ட்டன் வாட்கின்ஸ் என்பவர் பெருங் கண்ணாடித் தகடுகளையும் கருவிகளையும் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றிச் சென்று யோசெமிட்டியையும் மாரிப்போசாவின் செக்கோயாக்களையும் படமெடுத்தார். அப்படங்கள் கிழக்குக் கரை நகரங்களுக்குச் சென்று, அந்த நிலத்தின்மீது மதிப்பை வளர்த்தன. 1864 ஜூன் 30ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிப்போசா தோப்பையும் பொதுமக்களுக்கென ஒதுக்கிக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ஆனால் இந்த வரலாறு யாருக்குச் சாட்சி சொல்கிறது? லிங்கன் தம் வாழ்நாளில் கலிபோர்னியாவில் காலடி வைத்ததில்லை. காட்டைக் காக்கக் கையெழுத்திட்டவர் காட்டைக் காணாதவர். ஒருவர் பொறுமையோடு எடுத்த படங்கள், போகாதவர்களுக்கும் அக்காட்டைக் கொண்டு சேர்த்தன. நம் காலத்திலும் மைக்கேல் நிக்கோல்ஸ் என்பவர், ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைத்து, ஒரே ரெட்வுட் மரத்தை 84 படங்களாக எடுத்து இணைத்தார். அடி முதல் நுனி வரை முழுமையாகக் காட்டும் அப்படத்தை ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ இதழ் 2009 அக்டோபரில் வெளியிட்டது. அப்படம் ஒன்றிருக்க, அந்த மரத்தை எங்கே என்று தேடிப்போக வேண்டிய தேவை என்ன? நல்ல படம் பிறர் போக வேண்டிய தேவையைக் குறைக்கிறது. கெட்ட படமோ ‘நீயும் வந்து இப்படி நில்’ என்று ஆயிரம் பேரை அழைக்கிறது. என் வழக்கு கருவியோடு அன்று, இந்த அழைப்போடுதான்.

மற்றொரு தடையும் எழும். ‘2020, 2021ஆம் ஆண்டுக் காட்டுத்தீக்களில் பெரிய செக்கோயாக்களுள் 13 முதல் 19 விழுக்காடு அழிந்தன என்று கணக்கிடுகிறார்கள். ஜெனரல் ஷெர்மனின் அடியையே தீக்காப்புத் தகட்டால் போர்த்த வேண்டியதாயிற்று. இவ்வளவு பேரழிவு நடக்கையில் பயணியின் காலடியைப் பேசலாமா?’ என்பார்கள். பேசலாம், ஏனெனில் இதிலும் அதே கண்ணுக்குப் பங்குண்டு. செக்கோயாவுக்குச் சிறுதீ பகையன்று. அதன் தடித்த பட்டை நெருப்பைத் தாங்கும். வெப்பத்தில் கூம்புக்காய்கள் விரிந்து விதை கொட்டும். எரிந்து வெறுமையான மண்ணில்தான் விதை நன்கு முளைக்கும். அம்மலைகளின் பழங்குடி மக்கள் இதை அறிந்து சிறுதீ வைத்து வந்தார்கள். பின்வந்தோர் ஏறக்குறைய நூறாண்டு எல்லாத் தீயையும் அணைத்தனர். சருகும் சிறுமரங்களும் குவிந்தன. வறட்சியும் ஏறிவரும் வெப்பமும் அதனோடு சேர்ந்தபோது, சிறுதீயாக முடிந்திருக்க வேண்டியது பெருந்தீயாய் உச்சிவரை ஏறிற்று.

தவற்றை உணர்ந்து 1960களின் இறுதியில் திட்டமிட்ட சிறுதீயை மீண்டும் தொடங்கினர். 1980களில் அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அடிமரங்களில் படிந்த கரி காட்சியைக் கெடுக்கிறது என்பதே முறையீடு! அதற்காக ஓர் ஆய்வுக்குழுவை அமர்த்த வேண்டியிருந்தது. எப்போதும் பசுமையாய், படத்துக்கு ஏற்றதாய்க் காடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், அது உயிரோடிருப்பதற்குத் தேவையானதையே மறுக்கிறார்.

நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் ஒருநாள் மியூர் வனத்துக்கோ யோசெமிட்டிக்கோ போய் வருகின்றனர். பெரிய மரத்தடியில் கைகோத்து நிற்கும் படம் மறுநாளே ஊருக்கு வந்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சியைப் பறிப்பது என் நோக்கமில்லை. போகிறவர்களிடம் வேண்டுவது சிலவே. பாதையைவிட்டு ஓரடியும் இறங்காதீர்கள். பட்டம் பெற்ற மரத்தைத் தேடி ஓடாமல், வழியில் நிற்கும் பெயரில்லாத மரத்தின் அடியில் கால்மணி நேரம் அமர்ந்திருங்கள். கரி படிந்த பட்டையையும் விழுந்து கிடக்கும் அடிமரத்தின்மேல் முளைத்த கன்றையும் படமெடுங்கள். காட்டின் கதை அங்கேதான் இருக்கிறது. மறைத்து வைத்த மரத்தின் இடம் தெரிந்தாலும் பிறருக்குச் சொல்லாதீர்கள். பணம் கொடுத்து மரத்தின் வயிற்றுக்குள் வண்டி ஓட்டும் இடங்கள் இன்றும் உள்ளன, அவற்றுக்குப் போகாதீர்கள்.

கட்டுப்பாடு பயணத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மாரிப்போசா தோப்பை 2015 முதல் 2018 வரை மூடி, மரங்களின் அருகிலிருந்த வண்டி நிறுத்தத்தை அகற்றி, நீரோட்டத்தைச் சீர்ப்படுத்தித் திறந்தனர். ஜெடிடயா ஸ்மித் ரெட்வுட் பூங்காவில், இடம் கசிந்ததால் மிதிபட்டு நைந்த ஒரு பெருமரத் தோப்பில், தரையைத் தொடாமல் ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு உயர்த்திய நடைபாதை அமைத்தார்கள். இரு தோப்புகளிலும் மக்கள் இன்றும் நடந்து மரங்களைக் காண்கின்றனர். காலடிக்குத் தப்பிய மண்ணில் பெரணிகள் மீண்டும் தழைக்க வழி பிறந்திருக்கிறது.

ரெட்வுட்டின் பழைய காடுகளில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் ஐந்து விழுக்காடு மட்டுமே. எஞ்சிய ஐந்தையும் நம் படத்துக்குப் பின்புலமாக்கிக்கொள்ளும் உரிமையை யார் நமக்குத் தந்தது? இம்மரங்களுள் முதியவை, நம் மொழியின் பழம்பாடல்கள் பல தோன்றுமுன்னரே மண்ணில் வேர்விட்டவை. அவற்றின் முன் சென்று நிற்க விரும்புவோர், தம் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு நிமிர்ந்து பார்க்கட்டும்.