தாத்தா காருக்கு முழங்கால் ஆபரேஷன்!



இந்த வாரம் நம்ம பேஷண்ட் ஒரு தாத்தா. உருண்டை முகம், முட்டைக் கண்ணு, சாதுவான சுபாவம். பேரு மாரிஸ் மைனர். 1948-ல லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் ஷோவுல அறிமுகமானவர். பின்னாடி 'மினி' காரை உருவாக்கின அலெக் இஸிகோனிஸ்தான் இவருக்கும் அப்பா. பிரிட்டன்ல பத்து லட்சம் விற்பனையைத் தொட்ட முதல் கார் இதுதான். 1950-கள்ல நம்ம ஊர்லயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை 'பேபி ஹிந்துஸ்தான்'னு வித்தாங்க. 2014 வரைக்கும் தயாரான நம்ம அம்பாஸடரும் இதே மாரிஸ் குடும்பத்து வாரிசுதான். இலங்கையில இன்னிக்கும் மைனர் ரோட்ல ஓடுறதைப் பார்க்கலாம்.

சென்னை, கோவை பழைய கார் ஷோக்கள்ல இவரைப் பார்த்து 'ச்சோ ஸ்வீட்'னு போட்டோ எடுத்திருப்பீங்க. உங்க வீட்டு ஷெட்லயோ, மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையிலயோகூட ஒருத்தர் தூங்கிட்டு இருக்கலாம். அவரை எழுப்பி ஓட்டணும்னு ஆசைப்படறவங்க முதல்ல கேக்கற கேள்வி, 'ரோட்ல படகு மாதிரி ஆடுதே... முன் சஸ்பென்ஷனை வீட்லயே மாத்திடலாமா?'

மாத்தலாம் பாஸ். ஆனா எதை மாத்தறோம்னு தெரிஞ்சுக்கிட்டு மாத்தணும். இதுல தப்பு நடந்தா வீலே மடிஞ்சுடும். நிஜமா!

முதல்ல அனாடமி!

மைனர் காரோட முன் சக்கரத்துக்கு காயில் ஸ்பிரிங் கிடையாது. பதிலா நீளமான ஒரு இரும்புக் கம்பி, டார்ஷன் பார். ஒரு முனை சக்கரத்தோட கீழ் ஆர்ம்ல. மறு முனை முன்பக்கத் தரைக்கு அடியில இருக்கற கிராஸ் மெம்பர்ல. சக்கரம் மேடு ஏறினா கம்பி முறுக்கிக்கும், இறங்கினா பிரியும். ஈரத்துணியைப் பிழியற மாதிரி.

'டார்ஷன் ஈக்குவேஷன்'னு பதினாறு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணோமே... அது இங்கதான் உட்கார்ந்திருக்கு. கம்பியோட விறைப்பு, விட்டத்தோட நாலாவது அடுக்குப்படி ஏறும். விட்டத்தைப் பத்தே சதவிகிதம் கூட்டினா விறைப்பு 46 சதவிகிதம் கூடிடும். கால்குலேட்டர்ல 1.1-ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க. 'கொஞ்சம் தடிமனான கம்பி போட்டுடலாம்'னு யாராவது சுலபமா சொன்னா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

அடுத்தது ஷாக் அப்சார்பர். இன்னிக்குக் கார்கள்ல இருக்கற குழாய் மாதிரி டைப் இல்ல இது. ஒரு சின்ன எண்ணெய்ப் பெட்டி, அதுலேர்ந்து நீளற ஒரு கை. இதுக்குப் பேரு லீவர் ஆர்ம் டேம்பர். சக்கரம் ஆடும்போது அந்தக் கை மேலயும் கீழயும் போகும், உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்ன வால்வு வழியாத் தள்ளும். ஆட்டம் சூடா மாறி அடங்கும். இதுல ஒரு விசேஷம்... அந்தக் கைதான் சஸ்பென்ஷனோட மேல் ஆர்மும்கூட! அதாவது, ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்கறார். இதை மறந்துடாதீங்க, அப்புறம் தேவைப்படும்.

கீழ் ஆர்முக்கும் மேல் கைக்கும் நடுவுல நிமிர்ந்து நிக்கறது கிங்பின். அதோட மேல் முனையிலயும் கீழ் முனையிலயும் மரை இருக்கும். அந்த மரை போய் உட்கார்ற வீட்டுக்குப் பேரு டிரன்னியன். நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கிங்பின் இந்த மரைக்குள்ளதான் திரும்புது.

வில்லன் இங்கதான்!

டார்ஷன் பார் கீழ் ஆர்மை எப்பவுமே கீழே அழுத்திக்கிட்டு இருக்கும். சக்கரமோ கிங்பின்னை மேலே தள்ளும். ஆக, அந்த மூலையில காரோட எடை மொத்தமும் கீழ் டிரன்னியனோட மரையில தொங்குது. கிரீஸ் இருக்கற வரைக்கும் பிரச்னை இல்ல. காய்ஞ்சா, ஒவ்வொரு திருப்பத்துக்கும் மரை கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. முழுசா தேஞ்ச அன்னிக்கு கிங்பின் உருவிக்கிட்டு வந்துடும். சக்கரம் மடிஞ்சு மட்கார்டுக்குள்ள படுத்துடும்.

மைனர் ஓட்டறவங்க மத்தியில இது ரொம்பப் பிரபலமான நோய். பார்க்கிங்ல மெதுவாத் திருப்பும்போது நடந்தா சிரிச்சுட்டுப் போகலாம். ஜி.எஸ்.டி. ரோட்ல, பின் சீட்ல அம்மாவும் தங்கச்சியும் உட்கார்ந்திருக்கும்போது நடந்தா?

அதனாலதான் சொல்றேன். பளபளன்னு புது ஷாக் அப்சார்பர் வாங்கறதுக்கு முன்னாடி, இந்த மரையைப் பாருங்க. இந்த வேலையில முதல் அப்கிரேடு கிரீஸ்தான். விலை ரொம்பக் கம்மி, பலன் ரொம்ப அதிகம்!

வீட்லயே மூணு டெஸ்ட்

1. அழுத்தி விடு: பானட் ஓரத்துல மட்கார்டை நல்லா கீழே அழுத்தி, சட்டுன்னு விடுங்க. கார் ஒருதரம் மேலே வந்து அடங்கினா டேம்பர் ஓ.கே. மூணு, நாலு தரம் குதிச்சா, டேம்பர் காலி. (டைனமிக்ஸ் லேப்ல வரைஞ்சோமே டேம்பிங் ரேஷியோ கிராஃப்... லைவா பார்த்துக்கங்க!)

2. ஆட்டிப் பார்: முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டு மேல உட்கார வைங்க. சக்கரத்தோட உச்சியை ஒரு கையால, அடியை இன்னொரு கையால பிடிச்சு முன்னும் பின்னுமா ஆட்டுங்க. 'டக் டக்'னு ஆட்டம் தெரியுதா? இப்ப ஃப்ரெண்டை விட்டு பிரேக்கை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா, தப்பு வீல் பேரிங்ல. நிக்கலைன்னா கிங்பின், டிரன்னியன் பக்கம் சந்தேகப்படுங்க. எவ்ளோ சிம்பிளான லாஜிக் பாருங்க!

3. குத்திப் பார்: மைனருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கீழ் ஆர்மும் டேம்பரும் மாட்டியிருக்கற இடத்தையும், டார்ஷன் பார் முடியற கிராஸ் மெம்பரோட ரெண்டு முனையையும் பழைய ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. 'டங்'னு சத்தம் வந்தா நல்ல இரும்பு. 'சொத்'துன்னு உள்ளே போச்சுன்னா துரு தின்னுடுச்சு. அப்ப சஸ்பென்ஷன் வேலையை நிறுத்திட்டு, நல்ல வெல்டரைத் தேடுங்க. உளுத்த சுவத்துல புது ஆணி அடிச்சு என்ன பிரயோஜனம்?

ஆபரேஷன் ஆர்டர்

எதை முதல்ல செய்யறதுன்னு வரிசை ரொம்ப முக்கியம்.

முதல் இடம் கிங்பின்னும் டிரன்னியனும். தேஞ்சிருந்தா ஜோடியா மாத்துங்க. புது டிரன்னியனைத் தேஞ்ச கிங்பின்னோட சேர்த்தா காசு வேஸ்ட். இடது பக்கத்துது வேற, வலது பக்கத்துது வேற. வாங்கும்போதே எந்தப் பக்கம்னு சொல்லிக் கேளுங்க. மாட்டின பிறகு 1,600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அதாவது அந்தக் காலத்து ஆயிரம் மைல் கணக்குக்கு, சக்கரத்தைத் தூக்கி வெச்சு கிரீஸ் கன் அடிங்க. பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து, புதுசு எட்டிப் பார்க்கற வரைக்கும்.

ரெண்டாவது புஷ். கீழ் ஆர்மோட உள்முனையிலயும், டை பார் முனையிலயும் ரப்பர் புஷ் இருக்கும். வயசாகி வெடிச்சிருந்தா பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பாலியூரித்தேன் புஷ் போடலாம், சீக்கிரம் நசுங்காது. ஆனா ரோட்டோட அதிர்வு கொஞ்சம் கூடுதலாத் தெரியும். ரப்பரே போடறதுன்னா ஒரு சூட்சுமம்... போல்ட்டை முழுசா இறுக்கறது, காரைத் தரையில இறக்கி, எடை சக்கரத்து மேல வந்த பிறகுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டா, கார் இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். சீக்கிரமே கிழியும்.

மூணாவதுதான் எல்லாரும் ஆசைப்படற டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர். மைனருக்குன்னே இதுக்கு போல்ட்-ஆன் கிட் கிடைக்குது. மேலேயும் கீழேயும் ரெண்டு பிராக்கெட், நடுவுல குழாய் டைப் ஷாக். நல்ல ரோட்ல வித்தியாசம் கம்மிதான். நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல நல்லாவே தெரியும். அடுத்தடுத்து குலுங்கினாலும் இது சீக்கிரம் சோர்ந்து போகாது.

இங்கதான் முதல்ல சொன்ன விசேஷத்தை ஞாபகப்படுத்திக்கணும். பழைய லீவர் ஆர்மைக் கழட்டித் தூக்கிப் போட முடியாது. ஏன்னா மேல் ஆர்மே அதுதான்! கிட் போட்ட பிறகும் அது அங்கேயே இருக்கும். ரெண்டும் சேர்ந்து ஆட்டத்தை அடக்கினா சஸ்பென்ஷன் கட்டையாயிடும்னு, பழசுக்குள்ள இருக்கற வால்வைச் சிலர் எடுத்துடுவாங்க. ஆனா எண்ணெயை வடிச்சுடக் கூடாது. உள்ளே சுத்தற ஷாஃப்டுக்கு அதுதான் லூப்ரிகேஷன். லீவரோட ஷாஃப்டே ஆடுதுன்னா, எவ்ளோ விலையுள்ள புது ஷாக் போட்டாலும் சக்கரம் நேரா நிக்காது. முதல்ல அதை ரீகண்டிஷன் பண்ணணும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு கட்டாயம் வீல் அலைன்மென்ட். மறந்தா டயர் ஒரு பக்கமாத் தேய்ஞ்சு ஞாபகப்படுத்தும்!

உயிர் முக்கியம் அமைச்சரே!

* வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில தலையை விடாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக்கும் வேண்டாம். அதெல்லாம் சொல்லாம கொள்ளாம உடையும். ஆக்ஸில் ஸ்டாண்டு மட்டும்தான்.

* டார்ஷன் பார் சும்மா இருக்கற கம்பி மாதிரி தெரியும். உள்ளுக்குள்ள முறுக்கேறி நிக்குது. கீழ் ஆர்முக்கு அடியில ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கிட்டு, இணைப்பைப் பிரிச்ச பிறகு, ஜாக்கியை மெதுவா இறக்கி முறுக்கைப் பிரிய விடணும். படக்குன்னு கழட்டினா ஆர்ம் அடிக்கற அடியில கை எலும்பு தாங்காது.

* கழட்டறதுக்கு முன்னாடி பார்லயும், அது உட்கார்ற பல்லுலயும் பெயின்ட்ல கோடு போட்டு வைங்க. ஒரு பல் மாறி மாட்டினாலும் கார் ஒரு பக்கம் சாயும். இடது பாரை வலது பக்கம் மாட்டவே கூடாது. ஒரே திசையில முறுக்கிப் பழகின கம்பி அது.

* மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டை எடுத்து வைங்க. இது இன்ச் கார். அரை இன்ச் நட்டுக்கு 12.7 மில்லிமீட்டர். அதுல 13 நம்பரைப் போட்டுத் திருகினா நட்டோட மூலை மழுங்கிடும்.

* ஸ்பிளிட் பின்னுக்கு மறுபிறவி கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதுசு.

முதல் தடவை செய்யறவங்க, பழைய அம்பாஸடர், மைனர் பார்த்துப் பழகின ஒரு மெக்கானிக் அண்ணனைப் பக்கத்துல வெச்சுக்கங்க. கிங்பின்னை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தே, 'இது இன்னும் ஆறு மாசம் தாங்காது தம்பி'னு சொல்ற அனுபவம் எந்த செமஸ்டர் புக்லயும் இல்ல.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. இன்னொரு பக்கம், 2021-ல வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின கார்களை 'விண்டேஜ்'னு பதிவு பண்ணலாம். நம்பர்ல 'வி.ஏ.' எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல மாற்றம் செய்யாம ஒரிஜினலா இருக்கணும்ங்கறது கண்டிஷன்.

அதனால ஒரு பொன்மொழி: பாடியில புதுசா ஓட்டை போடாதீங்க, வெட்டாதீங்க, வெல்டு பண்ணி ஒட்டாதீங்க. இருக்கற போல்ட் ஓட்டையிலயே மாட்டற கிட்டாப் பார்த்து வாங்குங்க. கழட்டின ஒவ்வொரு பார்ட்டையும் எண்ணெய் தடவி, பேர் எழுதி, பெட்டியில வைங்க. நாளைக்கு யாராவது பழையபடி மாத்த நினைச்சா ஒரு ஞாயித்துக்கிழமை போதும்னு இருக்கணும். வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறது இன்னும் நல்லது.

'அப்ப மாத்தவே வேண்டாமா?'னு கேக்கறீங்களா? என் கட்சி இதுதான்... கிரீஸ், கிங்பின், டிரன்னியன், புஷ், ஒழுங்கா ரீகண்டிஷன் பண்ண லீவர் டேம்பர். இவ்வளவும் சரியா இருந்தா, இஸிகோனிஸ் வரைஞ்ச கார் எப்படி ஓடணும்னு நினைச்சாரோ அப்படி ஓடும். ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங் உள்ள கார் அது, திருப்பங்கள்ல சமத்துப் பிள்ளை! அதை ஒருதரம் ஓட்டிப் பார்த்த பிறகும் போதலைன்னா, அப்ப டெலஸ்கோப்பிக் பத்தி யோசிங்க. அதோட பிரேக்கையும் யோசிங்க. 1962-ல வந்த 1098 சி.சி. மாடல்லேர்ந்துதான் முன்னாடி 8 இன்ச் டிரம். அதுக்கு முன்னாடி 7 இன்ச்தான். நல்லா ஓடற கார், நல்லா நிக்கவும் வேணும்ல?

இந்த வார ஹோம்வொர்க்: உங்க தெருவுல நிக்கற ஏதாவது பழைய காரோட ஓனர் அங்கிள்கிட்டப் போய், 'கடைசியா எப்ப சார் கிரீஸ் அடிச்சீங்க?'னு கேளுங்க. அவர் தலையைச் சொறிஞ்சா, கிரீஸ் கன்னோட நீங்களே கிளம்புங்க. ஒரு டீயும் கிடைக்கும், ஒரு குடும்பம் பத்திரமாவும் வீடு போய்ச் சேரும்!