மரத்துப்போக ஊசி போடும் இடத்தில் வெள்ளை பாட்டில் இருக்கிறதா?

பல் பிடுங்க ஒரு ஊசி. கட்டி கீற ஒரு ஊசி. தையல் போட ஒரு ஊசி. "சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

ஆனால் அந்த மரத்துப்போகும் மருந்து அளவு மீறினாலோ, தவறி ரத்தக் குழாய்க்குள் நேராக ஏறிவிட்டாலோ கதையே வேறு! வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் இரும்பு ருசி, காதில் 'ஙொய்' என்று இரைச்சல். அடுத்து வலிப்பு. முற்றினால் இதயமே நின்றுவிடும்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. பால் போல வெள்ளையாக ஒரு பாட்டில். சோயா எண்ணெயை முட்டைக் கொழுப்போடு தண்ணீரில் கலக்கிய 20 சதவீதக் கொழுப்புத் திரவம். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குச் சத்துக்காக ஏற்றுகிற அதே சரக்குதான். யானை விலை, குதிரை விலை இல்லை.

இதைக் கண்டுபிடித்ததே தமாஷ். சிகாகோ டாக்டர் கய் வெயின்பெர்க், கொழுப்பு ஏற்றினால் விஷம் இன்னும் கடுமையாகும் என்று நினைத்து எலிகளிடம் சோதித்தார். நடந்தது நேர்மாறு! 1998-ல் அதை வெளியிட்டார். 2003-ல் நாய்களிடம் சோதனை. கொழுப்பு ஏற்றிய 6 நாய்களும் பிழைத்தன. உப்புநீர் ஏற்றிய 6-ம் செத்தன.

15 வினாடியில்...

மனிதனுக்குக் கொடுத்த முதல் சம்பவம் 2006-ல் மருத்துவ இதழில் வந்தது. நியூயார்க் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் தோள்பட்டை ஆபரேஷனுக்கு வந்தவர், வயது 58. கழுத்தருகே ஊசி போட்ட சற்று நேரத்தில் வலிப்பு, இதயம் நின்றது. 20 நிமிடம் நெஞ்சை அழுத்தியும், ஷாக் கொடுத்தும் பலிக்கவில்லை. வெள்ளை மருந்து 100 சி.சி. ஏற்றினார்கள். 15 வினாடிக்குள் ஒரு துடிப்பு! அப்புறம் இதயம் ஓட ஆரம்பித்தது. மூளைக்கு ஒரு சேதமும் இல்லாமல் ஆசாமி வீட்டுக்குப் போனார்.

"இதெல்லாம் அபூர்வம் சார்" என்று கைகழுவுவது சரியல்ல. அபூர்வம்தான். பெட்ரோல் பங்கில் தினமுமா தீப்பிடிக்கிறது? மணல் வாளி தொங்குகிறதே!

பாட்டில் மட்டும் இருந்தாலும் போதாது. ஊசியை உடனே நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, வலிப்பை அடக்க வேண்டும். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதைப் பாதியில் விடக்கூடாது. சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இதயத் துடிப்பு தாறுமாறானால் வழக்கமாக லிக்னோகெய்ன் போடுவதுண்டு. இங்கே அதைப் போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். அதுவும் மரத்துப்போகும் மருந்தாச்சே!

60 கிலோ ஆளுக்கு முதலில் 90 சி.சி.யை 2, 3 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 15 சி.சி. கணக்குப் போட்டுப் பார்த்தால் 250 சி.சி. பாட்டில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஒன்று வைத்தால் காணாது.

ஊசி மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. அமெரிக்காவில் லேசரில் முடி நீக்கப் போகுமுன் காலெல்லாம் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் சுற்றிய இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனார்கள். 2007-ல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரித்தது. இங்கேயும் முடி நட, கொழுப்பு உறிஞ்ச என்று போர்டு தொங்கவிட்ட இடங்களில் இந்த மருந்து தாராளமாகப் போகிறது.

மேஜையில் படுக்குமுன் இரண்டு கேள்வி கேட்பதில் வெட்கமில்லை. "என் எடை எத்தனைன்னு பார்த்தீங்களா?" 2 சதவீத லிக்னோகெய்னில் ஒரு சி.சி.க்கு 20 மில்லிகிராம் மருந்து. அட்ரினலின் கலக்காவிட்டால் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது ஜாக்கிரதையான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 9 சி.சி.தான், 15 கிலோ குழந்தைக்கு 2 சி.சி.யைச் சற்றே தாண்டலாம், அவ்வளவே.

"வெள்ளை பாட்டில் எங்கே?" இது இரண்டாவது. ஊசி போடுகிற அறையிலேயே இருந்தால் சரி. ஸ்டோர் ரூமில் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு சிப்பந்தி டீ குடிக்கப் போயிருந்தால், இருந்தும் இல்லாத கணக்குதான்.