அம்மாவின் முகச் சுருக்கமும் பெப்டைடு கிரீமும்

"இந்த பெப்டைடு கிரீம் வாங்கலாமா அக்கா?" ஊர்களுக்குப் போகும்போது இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் நாற்பது வயதிலேயே முகம் சுருங்கிப்போன அம்மாவுக்காகக் கேட்கிறார்கள். "கூலி வேலைக்குப் போறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிரிப்பவர்களும் உண்டு. நாம் செருப்புப் போட்டு நடந்ததையே பொறுக்காதவர்களின் சிரிப்பு அது. நம் பெண்கள் அழகாக இருக்க ஆசைப்படுவது அவர்கள் உரிமை. கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதும் அதே அளவு உரிமை.

பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. தோலை இறுக்கமாக வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். அதன் துண்டு ஒன்றைத் தடவினால், கொலாஜன் உடைந்துவிட்டது என்று எண்ணித் தோல் புதிதாக உண்டாக்கும் என்பது கம்பெனிகளின் கணக்கு. ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதுதான் தோலின் வேலை. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு எளிதில் உள்ளே போகாது. பல கிரீம்களில் இருக்கும் பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு-4 சுமார் 800 டால்டன். உள்ளே நுழைய உதவட்டும் என்றுதான் அதோடு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

பலனே இல்லையா? 2005இல் வந்த ஓர் ஆய்வில் 35 முதல் 55 வயதுள்ள 93 பெண்கள் 12 வாரம் முகத்தின் ஒரு பாதியில் இந்த பெப்டைடு கிரீமும் மறுபாதியில் பெப்டைடு கலக்காத கிரீமும் தடவினார்கள். பெப்டைடு பக்கம் மெல்லிய கோடுகள் ஓரளவு குறைந்தன. ஆய்வு முறை ஒழுங்கானதுதான். ஆனால் நடத்தியவர்கள் கிரீம் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரர்கள். சோதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள். குறுவை நடவில் குனிந்து நிற்கும் நம் அம்மாக்களின் தோல் அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்த கிரீமில் பத்து லட்சம் பங்குக்கு 3 பங்குதான் பெப்டைடு. அந்தக் கணக்கில் 30 கிராம் டப்பாவில் இருப்பது ஒரு நெல்மணியின் எடையில் இருநூறில் ஒரு பங்கு கூட வராது. மீதியெல்லாம் தண்ணீர், எண்ணெய், கிளிசரின் போன்றவை. தோலை ஈரமாக வைக்கும் எந்த கிரீமும் மெல்லிய கோடுகளைக் கொஞ்ச நேரத்துக்கு மறைக்கும்.

லேபிளைப் பார்த்தாலும் அளவு தெரியாது. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களைத்தான் அளவின் வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படியும் வரிசைப்படுத்தலாம். இதைவிட மோசம், 30 கிராமுக்குக் குறைவான கிரீம் பாக்கெட்டில் பொருள்களின் பட்டியலே தேவையில்லை என்று விதி விலக்கு தருகிறது. பெரிய டப்பா வாங்கப் பணம் உள்ளவருக்குத் தகவல் உண்டு. பெட்டிக்கடையில் சின்ன பாக்கெட் வாங்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு அது கிடையாது. ஏழைக்குத் தெரிய வேண்டாம் என்று சட்டமே முடிவு செய்துவிட்டது.

சுருக்கத்துக்குப் பெரிய காரணம் வெயில். ஆஸ்திரேலியாவில் 903 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வந்தது. நாலரை ஆண்டு தினமும் சன்ஸ்கிரீன் தடவியவர்களுக்கு, விருப்பப்பட்டபோது மட்டும் தடவியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. நம் பெண்களுக்கு இது புதிதல்ல. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார்கள். கையில் காசு இருந்தால் முதலில் சன்ஸ்கிரீனுக்குச் செலவழியுங்கள். பெப்டைடு அப்புறம் இருக்கட்டும்.

2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. மிராசுதார் வயலில் நடவு நடும் பெண்ணுக்கும் அது வேண்டும். உச்சி வெயிலில் கூலி பிடிக்காத ஓய்வு வேண்டும். எவ்வளவு சின்ன பாக்கெட்டாக இருந்தாலும் உள்ளே இருப்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். கிராம சபையில் முதலிரண்டையும், நுகர்வோர் அமைப்புகளிடம் மூன்றாவதையும் எழுதிக் கொடுப்போம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது நம் தெருக்களில் நிறையவே இருக்கிறார்கள்.